நத்தத்துக்கு வந்த வரி: பாபநாசம் வட்டாரத்தில் வரி ஆட்சேபணையின் வரலாறு

2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு சொத்து வரியைச் சீரமைத்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு என்று உயர்வு வந்தது. குடமுருட்டிக் கரையில் இருக்கும் பாபநாசம் பேரூராட்சிக்கும் இதே கணக்குதான். உள்ளாட்சி மன்றங்கள் தீர்மானம் போட்டு அறிவிப்பு வெளியிட்டன. ஆட்சேபணை இருந்தால் 30 நாளுக்குள் எழுத்து மூலம் தரலாம் என்றன. இந்த ‘ஆட்சேபணை’ என்ற உரிமை காவிரிப் படுகையில் எங்கிருந்து வந்தது, யாரிடம் சொல்லப்பட்டது, எதைச் சொன்னால் எடுபட்டது என்பதே இக்கட்டுரையின் விசாரணை. நிலத்தீர்வையின் கதையை விட்டுவிட்டு வீட்டுவரியின் கதையை மட்டும் சொல்ல முடியாது. இந்த மண்ணில் வரியோடு வாதாடும் பழக்கம் வயலில் உருவாகி, பிறகே வீட்டு வாசலுக்கு வந்தது.

முதலாம் இராசராசன் கி.பி. 1001 அளவில் நடத்திய நில அளவையின் தடம் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தெளிவாக இருக்கிறது. கோயிலுக்குத் தரப்பட்ட ஊர்களின் பரப்பு வேலி, மா, காணி, முந்திரி, கீழ்முந்திரி எனப் பின்னத்தின் பின்னம் வரை எழுதப்பட்டுள்ளது. பிறகு கழிவு சொல்லப்படுகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாளரும் பறையரும் வாழ்ந்த சேரிகள், சுடுகாடு ஆகியவற்றை நீக்கிய பிறகு மிஞ்சும் நிலத்துக்கே காணிக்கடன். குடியிருப்பு நிலம் விளைநிலக் கணக்கில் சேராது என்ற கொள்கை இங்கே வெளிப்படையாகப் பதிவாகிறது. சோழர் காலத்தில் வீட்டுக்கு வரியே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. மனையிறை போன்ற பெயர்கள் கல்வெட்டுகளில் உண்டு. விசயநகரக் காலத்தில் வாசற்பணமும் வருகிறது. ஆனால் அரசின் பெருவருவாய் நெல்லில்தான் இருந்தது. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் கால வட்ட நெற்களஞ்சியம் நிற்கிறது. அந்தப் பொருளாதாரம் எதைச் சுற்றி நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேடவேண்டாம்.

வரியை எதிர்த்த குரலுக்கு இவ்வட்டாரத்திலேயே வலுவான சான்று கிடைக்கிறது. 1429ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுகள் பாபநாசம் வட்டத்துத் திருவைகாவூரிலும் காவிரிப் படுகையின் கொறுக்கையிலும் உள்ளன. வழக்கமாக எதிரெதிராக நின்ற வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகள் ஒன்றுகூடி எடுத்த முடிவுகளை அவை சொல்கின்றன. விளைச்சலைப் பார்க்காமல் வரி வாங்குகிறார்கள், ஊரைவிட்டு ஓடும் நிலை வந்தது, நாடு முழுதும் ஒற்றுமையாக இல்லாததால்தான் இந்த அநியாயம் நடந்தது, இனி விளைவுக்கேற்ற வரியே தருவோம் என்பது அவற்றின் சாரம். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். இதை மனு என்று சொல்லத் தோன்றவில்லை. மனுவில் கெஞ்சல் இருக்கும். இங்கே கூடிப் பேசி முடித்ததைக் கோயில் சுவரில் வெட்டி அரசுக்கே அறிவிக்கும் தோரணை இருக்கிறது. வரி எவ்வளவு என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. எந்த அடிப்படையில் என்று கேட்டார்கள். பிற்காலத்தில் தனி ஆளின் கையிலிருந்து பறிபோனது இந்த இரண்டாவது கேள்விதான்.

1799 அக்டோபரில் இரண்டாம் சரபோஜியுடன் செய்த உடன்படிக்கையால் தஞ்சைச் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் நேர் ஆட்சிக்கு வந்தது. அடுத்த அறுபது ஆண்டுகளில் தீர்வை முறை பலமுறை மாறியது. 1820களில் வந்த ஒழுங்கு முறையில் நெல்விலை ஏறினால் தீர்வை ஏறும், இறங்கினால் இறங்கும். மிராசுதார்கள் கூட்டாக நின்று பேரம் பேசும் வலு உடையவர்கள். கலெக்டர்களுக்கு அவர்களைப் பகைத்துக்கொண்டு வசூல் நடத்த முடியாது. குறைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் குறைத்தார்கள். பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. மிராசுதாருக்குக் கிடைத்த வஜா என்ற தள்ளுபடி, வயலில் இறங்கி வேலை செய்த பண்ணையாளின் வீட்டை எட்டியதில்லை.

சென்னை மாகாணத்தின் மற்றப் பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியின் சென்னை சுதேசிச் சங்கம் தீர்வைக் கொடுமையையும் தொழில்கள், கடைகள் மீதான மோத்தர்பா வரியையும் பற்றி இலண்டன் பாராளுமன்றத்துக்கே விண்ணப்பம் அனுப்பியது. அந்தக் கிளர்ச்சியின் தொடர்ச்சியாக 1855இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வரிபாக்கிக்காரனின் விரல்களைக் கட்டைக்கிடையில் வைத்து நெரிக்கும் ‘கிட்டி’ அதில் பதிவாகியிருக்கிறது. புகார் சொல்ல வேண்டிய அலுவலகத்தின் தூரமும், அங்கே இருந்தவர்கள் மீதான பயமும் ஏழைக் குடியானவனின் வாயை அடைத்தன என்பது அக்குழு கண்ட உண்மை.

கிட்டி போயிற்று, அதன் இடத்தில் சட்டம் வந்தது. 1864ஆம் ஆண்டின் சென்னை வருவாய் வசூல் சட்டம், இரண்டாவது சட்டம், தன் 58ஆம் பிரிவில் ஒரு கதவைச் சாத்தியது. அரசுக்குச் செலுத்த வேண்டிய நிலத்தீர்வையின் வீதத்தைப் பற்றி எந்த உரிமையியல் நீதிமன்றமும் ஆராயக் கூடாது என்றது. இனி ஆட்சேபணை என்றால் தாசில்தார், கலெக்டர், வருவாய் வாரியம் என்று ஒரே துறைக்குள் படியேற வேண்டியதுதான். வரி விதித்தவரிடமே முறையீடு என்ற அமைப்பின் வேர் இங்கே இருக்கிறது.

தஞ்சையில் புல வாரியான நிலவரித் திட்டம் 1890களில் நடைமுறைக்கு வந்தது. மண்ணின் வகை, பாசனத்தின் தரம் பார்த்து ஒவ்வொரு வயலுக்கும் ‘தரம்’ குறித்தார்கள். விளைச்சலைப் பணமாக்கி, சாகுபடிச் செலவையும் பருவக் கோளாறுக்கான கழிவையும் நீக்கி, மிச்சத்தில் பாதிக்கு மேற்படாமல் தீர்வை. அது 30 ஆண்டுகளுக்கு மாறாது. கணக்கு இப்படி நுட்பமானதும் வாதமும் நுட்பமானது. ‘என் வயல் கடைமடை, தலைமடைத் தரத்தை எனக்கு எப்படிப் போட்டீர்கள்?’ என்று ஒரு பட்டாதாரர் கேட்கலாம். ‘தரம் ஏன்?’ என்று கேட்க இடமில்லை. 30 ஆண்டு முடிந்து 1920களில் மறுதீர்வை வந்தபோது மிராசுதார்கள் கூட்டம் போட்டார்கள், சட்டசபையில் பேசவைத்தார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். அடிப்படையைக் கேள்வி கேட்கும் இடம் அலுவலகத்திலிருந்து அரசியல் மேடைக்கு மாறியதை இதில் காண்கிறோம். இன்றும் பசலி ஆண்டு முடிகிற மே, ஜூன் மாதங்களில் பாபநாசம் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கிறது. மக்கள் மனுவோடு வருகிறார்கள். கணக்கைத் தணிக்கை செய்யப் பிறந்த அந்த நிகழ்ச்சியில் இப்போது பட்டா மாறுதல், உதவித்தொகை கேட்கும் மனுக்களும் சேர்ந்துவிட்டன.

இனி வீடு. கும்பினி காலத்து மோத்தர்பா, தொழிலாளிகளையும் கடைகளையும் வாட்டி, 1861இல் ஒழிந்தது. வடக்கே காசியில் 1810–11இல் வீட்டுவரிக்கு எதிராக மக்கள் வீடுகளையும் கடைகளையும் விட்டு வெளியேறி வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். கும்பினி வரியைக் கைவிட நேர்ந்தது. ஆய்வாளர் தரம்பால் 1971இல் வெளியிட்ட ஆவணத் தொகுப்பு இதை விரிவாகக் காட்டுகிறது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் அரசு வீட்டை மறக்கவில்லை. 1865இன் நகர மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் 1866இல் தஞ்சாவூர், கும்பகோணம் நகராட்சிகள் அமைந்தன. 1884இன் உள்ளாட்சி வாரியச் சட்டம் சிற்றூர்களைச் சேர்த்து யூனியன்களை உருவாக்கியது; அவற்றின் முக்கிய வருவாய் வீட்டுவரி. தெருவிளக்கு, துப்புரவு, சாலை என்று வரிக்குக் கைம்மாறு காட்டப்பட்டதால் எதிர்ப்பும் மாறியது. ‘ஏன் வரி?’ என்ற கேள்வி, ‘பக்கத்து வீட்டுக்கு இவ்வளவுதானே, எனக்கு மட்டும் ஏன் அதிகம்?’ என்று சுருங்கியது.

1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் இந்தச் சுருக்கத்துக்கு முறையான வடிவம் தந்தது. வீட்டை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன கிடைக்கும் என்பதே ஆண்டு மதிப்பு. கட்டடத்துக்கு உரிய பங்கில் பத்து விழுக்காடு பழுதுபார்ப்புக்குக் கழிக்கப்படும். மதிப்பு உயர்ந்தால் நோட்டீஸ் வரவேண்டும். வந்தால் சீராய்வு மனு, அதன்மேல் நகரமன்றத்திடம் மேல்முறையீடு. சென்னைவாசிக்கு மட்டும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிறுவழக்குகள் நீதிமன்றம் வரை போகும் வழி இருந்தது. மாவட்டத்துக்காரருக்கு வரித் தீர்மானம் போட்ட மன்றமே மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்தது. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து சொல்லப்பட்டதில்லை.

இச்சட்டத்தின் கீழ் வந்த மிகப் பெரிய வெற்றி தனி வீட்டுக்காரருடையது அல்ல என்பது கவனிக்கத்தக்கது. குண்டூர் நகர வரி செலுத்துவோர் சங்கம் தொடுத்த வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எது நியாய வாடகையோ அதற்கு மேல் ஆண்டு மதிப்பைக் கூட்ட முடியாது என்றது. சென்னை மாகாணத்துச் சட்டம் ஆந்திரத்திலும் தொடர்ந்ததால் எழுந்த வழக்கு இது. 1429இல் வலங்கையும் இடங்கையும் கேட்ட ‘எந்த அடிப்படையில்?’ என்ற கேள்வியை, ஒரு சங்கம் மறுபடி கேட்டு வென்றது.

வாடகையோடு கட்டுண்ட வரி வளரவில்லை. தமிழ்நாட்டில் 1998இன் பொதுச் சீராய்வு பரப்பளவு, மண்டலம், கட்டட வகை, வயது, பயன்பாடு என்ற அளவுகோலை முன்னிறுத்தியது. 2008இல் அடுத்த சீராய்வு. இவற்றுக்கு முன்பிருந்தே, 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும், நத்தம் நிலவரித் திட்டம் ஊர் ஊராக வந்தது. இராசராசன் காலத்துக் கணக்கு நீக்கி வைத்த நத்தம் கடைசியில் மனை மனையாக அளக்கப்பட்டது. முதலில் தோராயப் பட்டா, ஆட்சேபணை கேட்ட பிறகு தூய பட்டா. சங்கிலியோடு நில அளவர் தெருவில் நடந்தபோது, தலைமுறைகளாகப் பேசாமல் கிடந்த வேலிச் சண்டைகள் எல்லாம் மனுவாக எழுந்தன.

சதுர அடிக் கணக்கில் ஆட்சேபணை எப்படி அமைகிறது என்பதற்குக் காவிரிக்கரை ஓட்டு வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாசலில் திண்ணை, உள்ளே ரேழி, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் கொல்லை. வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் நாடாப் பிடித்தால் ஒரு பரப்பு. முற்றத்தைக் கழித்தால் வேறு பரப்பு. திண்ணையை ஒரு தையல்காரருக்கு விட்டிருந்தால் அது குடியிருப்பா வணிகமா? முன்பக்கம் மட்டும் தளம் போட்டு, பின்பக்கம் ஓடாகவே இருந்தால் எந்த வகை? 1,190 சதுர அடிக்கும் 1,210க்கும் நடுவே 2022இன் உயர்வு 50இலிருந்து 75 விழுக்காட்டுக்குத் தாவுகிறது. முற்றத்தின் அளவு இங்கே பணமாகிறது. நல்ல சீராய்வு மனு இத்தகைய அளவுப் பிழைகளைத்தான் பிடிக்கும்: வரைபடம், பழைய ரசீது, பக்கத்து வீட்டின் வரிவிதிப்பு விவரம் ஆகியவை அதன் ஆயுதங்கள். 50, 75 என்ற எண்களையே கேள்வி கேட்கும் மனுவுக்குப் பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் பதில் கிடையாது. அது அவர் அதிகாரத்தில் இல்லை.

அந்த எண்களை மாற்றியது எப்போதும் வேறு சக்திதான். 2018 ஜூலையில் குடியிருப்புக்கு 50 விழுக்காடு வரையும், வணிகத்துக்கு 100 விழுக்காடு வரையும் வரி உயர்ந்தது. எதிர்ப்பு வலுத்தது, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது, கூடுதலாகக் கட்டியது பின்வரும் தவணைகளில் ஈடுசெய்யப்படும் என்றார்கள். மூன்றே ஆண்டில் உயர்வு திரும்பி வந்தது. 15ஆவது நிதிக்குழு, மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் கீழ்வரம்பு அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கேற்ப உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. 2023 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முடிந்தது. 2024இல் ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்வும் வந்துவிட்டது. ஆண்டுதோறும் தானாக ஏறுகிற வரியை எந்த நோட்டீஸை வைத்து ஆட்சேபிப்பது என்ற கேள்வி இன்னும் சரியாகக் கேட்கப்படவில்லை.

முறையீட்டுக்கு வேறு அமைப்பும் உண்டு. காவிரி டெல்டாவிலிருந்து போய் அமெரிக்காவின் டெக்சாஸில் வீடு வாங்கியவர்கள் ஆண்டுதோறும் மே 15ஐ ஒட்டி அங்கே முறையீடு செய்கிறார்கள். அங்கே மதிப்பிடுவது ஓர் அமைப்பு, வரிவீதத்தை முடிவு செய்வது கவுண்டி, நகரம், பள்ளி வட்டாரம். முறையீட்டைக் கேட்பது ஊர்க்காரர்களைக் கொண்ட தனிக் குழு. அண்டை வீடுகளின் மதிப்பு எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அங்கும் வரி குறைவில்லை, புலம்பலும் குறைவில்லை. ஆனால் விதித்தவரும் விசாரிப்பவரும் வேறு வேறு. 1864இல் நம்மிடம் சாத்தப்பட்ட கதவு இதுதான். அதைப் பேரூராட்சி அளவில் திறக்கப் பெரிய செலவு ஆகாது என்பது என் முடிவு.

ஆய்வாளர்கள் சார்பில் ஒரு வேண்டுகோள். மராட்டியர் காலத்து மோடி ஆவணங்கள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. கும்பினிக் காலத்துக் கணக்குகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வீட்டுவரிக்கு எதிராகச் சாதாரணக் குடும்பங்கள் எழுதிய மனுக்களின் நகல்கள் அவரவர் பரண்களில்தான் கிடக்கின்றன. பாபநாசம், அய்யம்பேட்டை, கபிஸ்தலம் பக்கத்தில் பழைய வரி ரசீதோ, நோட்டீஸோ, மனு நகலோ வைத்திருப்பவர்கள் அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடாமல், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு படியாவது கொடுத்து உதவ வேண்டும்.