லாம்டா விளக்கு விட்டுச்சென்ற பழக்கம்

'செக் இன்ஜின்' விளக்கு எரியுது, ஸ்கேனரில் ஏதோ ஒரு கோடு வருது, உடனே "ஆக்ஸிஜன் சென்சார் போச்சு, மாத்திடலாம்" என்று தீர்ப்பு. இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது என்பது என் ஊகம்.

கதை கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸின் கண் எரிக்கும் புகைமூட்டத்துக்கு வாகனப் புகையும் வெயிலும் சேர்ந்த வேதிவினை காரணம் என்று 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் காட்டினார். 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே வினையூக்கியில் முறிக்க வேண்டுமானால், 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கைவிட்டு அதிகம் நகரக் கூடாது. அதைக் கண்காணிக்க போஷ் செய்த சிர்கோனியா பீங்கான் சென்சாரை, 1977 மாடல் கார்களில் வோல்வோ கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனது.

அந்தப் பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. 300 டிகிரிக்கு மேல் சூடானதும், புகையில் ஆக்ஸிஜன் குறைந்தால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும், மிஞ்சினால் 0.1 பக்கம் இறங்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மொழி.

வோல்வோவின் டேஷ்போர்டில் 'லாம்டா சோண்ட்' என்று ஒரு விளக்கு இருந்தது. அது எதையும் சோதிக்கவில்லை! குறிப்பிட்ட தூரம் ஓடியதும் எரியும், சென்சாரைக் கவனி என்று நினைவூட்டும். விளக்கு எரிந்தால் சென்சாரை மாத்து என்ற பாடம் அங்கேதான் பதிந்திருக்க வேண்டும்.

1996 முதல் அமெரிக்கப் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் ஓபிடி-2 கட்டாயம். இப்போது விளக்குக்குப் பின்னால் நிஜமான சோதனை இருக்கு. ஆனால் கோடுகளைப் பிரித்துப் படிக்கணும். பி0135 என்றால் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். ஃப்யூஸையும் ஹீட்டரின் ஓம் அளவையும் பார்த்தால் தெரிந்துவிடும். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது சென்சார் கொண்டுவந்த சேதி. அது பொய்யாகவும் இருக்கலாம்: சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் சின்ன விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும், கம்ப்யூட்டர் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டும். புது சென்சார் போட்டாலும் அதே கதைதான். காசும் போச்சு, மைலேஜும் போச்சு.

சந்தேகமானால் இன்ஜினைச் சூடாக்கி, ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்க்கலாம். வோல்ட் சட்டென்று இறங்கி, மாட்டியதும் ஏறினால் சென்சார் உயிரோடுதான் இருக்கிறது. அசையாமல் நின்றாலோ, சோம்பலாக நகர்ந்தாலோ மாத்த வேண்டியதுதான். அதன் வயர் அறுந்திருந்தால் மட்டும் ஈயப் பற்று வைக்காதீர்கள்: பல சென்சார்களுக்கு ஒப்பிட வேண்டிய வெளிக்காற்று அந்த வயரின் இழைகளுக்கு இடையில்தான் போகிறது.