உலா போகிறவரை யார் பார்க்கிறார்கள்?

போன மாதம் பேரன் என் கணினியில் ‘உலா’ என்ற புதிய உலாவியைப் போட்டுக் கொடுத்தான். ஸோஹோ நிறுவனம் 2023இல் வெளியிட்டது. அவர்களுடைய அலுவலகம் ஒன்று நம் மாவட்டத்து மத்தளம்பாறையில் இருப்பதால், பக்கத்து ஊர்க்காரர் கடை திறந்த மாதிரி எனக்கும் ஓர் ஆர்வம்.

முதலில் பெயர்தான் பிடித்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் உலாவிக்குக் கப்பலோட்டி என்று பொருள்படும் பெயர். இங்கிலீஷ் ‘பிரவுஸ்’ ஆடு மாடு தழை மேய்வதையும் குறிக்கும். தமிழில் மட்டும் உலா. ஆடித்தபசு ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா? கோமதி அம்மன் வீதியில் வந்தால் ஊரே பார்க்கும். உலா இலக்கியத்திலும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் தலைவனைப் பார்த்து நிற்பார்கள்.

இணையத்தில் உலா போகிறவரையும் பார்க்கிறார்கள். ஆனால் பார்ப்பவர் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1990இல் ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் உலாவியை எழுதினார். நூறு முறை போனாலும் அந்தக் கால வலைத்தளத்துக்கு நாம் புது ஆள்தான். கடை நடத்த இது தோதுப்படவில்லை. கூடையில் போட்ட சாமான் யாருடையது என்று தெரியாதே! 1994இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மோன்டுல்லி ‘குக்கி’யைக் கொண்டுவந்தார். டாக்டர் வீட்டு டோக்கன் மாதிரி ஒரு சிறு அடையாளம், அவ்வளவுதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் கொடுத்தபோது குக்கி வந்தாகிவிட்டது.

பிறகு விளம்பரக்காரர்கள் பல தளங்களில் புகுந்து, ஒரே டோக்கனை எல்லா இடத்திலும் பார்த்து, நாம் போன வழியைக் கோத்துவிட்டார்கள். ஆபீசில் தன்பதிவேடு எழுதிய எனக்கு இது புரிகிறது. ஆனால் நான் எழுதிய பதிவேட்டை மேலதிகாரி தணிக்கை செய்வார். இதை யார் பார்ப்பது?

என் மனைவி படுக்கையில் இருந்தபோது சக்கர நாற்காலி விலையைத் தேடினேன். அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும், பேப்பர் படிக்க உட்கார்ந்தால் ஓரத்தில் சக்கர நாற்காலி விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. யாரிடம் போய், இனி வேண்டாம் என்று சொல்வது?

உலாவில் விளம்பரத்தையும் பின்தொடர்வதையும் தடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. வேலைக்கு, சொந்த உபயோகத்துக்கு, குழந்தைகளுக்கு என்று தனித்தனி அறைகள் வைத்திருக்கிறார்கள். அடித்தளம் கூகுள் தொடங்கிய குரோமியம்தான். அதனால் குரோம் பழகிய கைக்குத் தடுமாற்றம் இல்லை. மத்திய அரசின் இந்திய உலாவிப் போட்டியில் 2025இல் முதல் பரிசாக 1 கோடி ரூபாய் வாங்கியிருக்கிறது.

இதைப் போட்டுவிட்டால் யாருக்குமே நம்மைத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பென்ஷன் கணக்கைத் திறந்தால் நான் யாரென்று வங்கிக்குத் தெரியும், தெரியவும் வேண்டும். வேறு உலாவி வைத்திருப்பவர்கள், வெளியார் குக்கியை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பேரப்பிள்ளைகளை விட்டு அமைப்புகளில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் நாள் காலை காபியோடு உட்கார்ந்து உலாவில் பேப்பர் படித்தேன். ஓரம் காலியாக இருந்தது.