செட்டியார் தெருவில் வற்றிய கடன்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914-இல் கப்பல் ஓடத் தொடங்கியதும் கொழும்பு நெருங்கி வந்தது. அன்று காரைக்குடியும் தேவகோட்டையும் இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அங்கிருந்து போன நகரத்தார் கொழும்புச் செட்டியார் தெருவில் வட்டிக்கடை நடத்தினார்கள். ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர்ச் சிறு வியாபாரியை மதிக்காத காலம். வங்கியில் வாங்கிய பணத்தோடு தம் முதலையும் சேர்த்து அவனுக்குக் கொடுத்தவர் செட்டியார்தான். செட்டியாரின் நாணயத்துக்கு வங்கியின் உள்ளூர் இடைத்தரகரான சராப்பு ஜாமீன் நின்றார்.

1925-இல் சில கடைகள் நொடித்தன. மிரண்ட வங்கிகள், நொடிக்காத கடைகளுக்கும் கடனை நிறுத்தின. செட்டியார் கையை இழுத்துக்கொள்ள, அவரை நம்பியிருந்த கடைக்காரன் தவித்தான். இலங்கையில் 1884 முதல் நோட்டு வெளியிட ஆணையர்கள் இருந்தார்கள். கைவசமுள்ள வெள்ளிக்கும் பத்திரங்களுக்கும் ஈடாக நோட்டு கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. நல்ல ஈட்டைக் காட்டி அவசரத்துக்குக் கடன் கேட்க அந்தத் தீவில் இடமே இல்லை. மத்திய வங்கி வந்தது 1950-இல்.

பங்குச் சந்தை சரியும்போதெல்லாம் ரிசர்வ் வங்கி இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று குரல் எழுகிறதே, அப்போது எனக்கு இந்த 1925 நினைவுக்கு வருகிறது. அன்று இல்லாமல் போனது கடன் கொடுக்கும் கை. விலையைத் தாங்கிப் பிடிப்பது முற்றிலும் வேறு வேலை. 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, சில விலக்குகள் தவிர, கம்பெனிப் பங்குகளை வாங்கவும் அவற்றின் பேரில் கடன் கொடுக்கவும் தடை விதிக்கிறது. 2004 மே 17 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதத்துக்கு மேல் விழுந்து, வர்த்தகம் இரண்டு முறை நின்றது. வங்கிகளுக்குத் தேவையான பணம் கிடைக்கும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பங்கு எதையும் வாங்கவில்லை. அது சரியான எல்லை.

ஹாங்காங் 1998 ஆகஸ்டில் வேறு வழியில் போனது உண்மை. நாணயத்தையும் பங்கையும் சேர்த்து அடித்த ஊக வணிகரை எதிர்த்து, அரசே சுமார் 11,800 கோடி ஹாங்காங் டாலருக்குப் பங்கு வாங்கி, பிறகு லாபத்தில் விற்றது. நாணயமே பறிபோகும் ஆபத்தில் எடுத்த முடிவு அது. வெறும் விலைச் சரிவுக்கு அதை முன்னுதாரணமாக்கக் கூடாது. முதுகுளத்தூர்ப் பக்கம் முண்டு மிளகாய் விலை விழும்போது, மூட்டையை வாங்கி விலையை நிறுத்த எந்த மத்திய வங்கியும் வருவதில்லை. பங்கு வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன்?

(தொடரும்)