செப்பு மலையில் முளைத்த புல்

வேல்ஸின் வடமேற்கு மூலையில், ஆங்கிள்சி தீவில், பாரிஸ் மலை என்றொரு சிறு குன்று உண்டு. 1768 மார்ச் 2 அன்று அங்கே பெரும் செப்புப் படிவம் அகப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அது ஐரோப்பாவின் மிகப் பெரிய செப்புச் சுரங்கமாகிவிட்டது. கடற்புழு அரிக்காமலிருக்க பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகட்டுக்கு இந்த மலையும் செம்பு தந்தது. சில்லறைத் தட்டுப்பாடு நிலவிய அந்நாளில், 1787-இல், சுரங்க நிறுவனம் சொந்தமாகவே பென்னிக் காசு அடித்தது.

தாதுவை உடைத்தவர்கள் பெண்கள். கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்து, இடக்கை விரல்களில் இரும்பு வளையம் மாட்டிக்கொண்டு, அந்தக் கையால் பிடித்த கட்டியை வலக்கைச் சுத்தியலால் நாளெல்லாம் தட்டினார்கள். பொறுக்கிய தாது சூளைகளில் மாதக்கணக்கில் வெந்தது. அதன் கந்தகப் புகையில் சுற்றியிருந்த செடிகொடிகள் கருகின.

புகை நின்ற பிறகும் பச்சை திரும்பவில்லை. கொட்டிக் கிடந்த கழிவுக் கல்லின் சல்பைடு, காற்றும் மழையும் பட்டு அமிலமானது. அந்த அமிலம் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து மண்ணில் இறக்கியது. செடிக்குச் செம்பு இம்மியளவு போதும். மிஞ்சினால் வேர் நீளுவது நின்றுவிடும். நீர் தேட முடியாத நாற்று சில நாளில் சாகும்.

ஆனாலும் வேல்ஸின் பழைய சுரங்கக் கழிவுகளில் அங்கங்கே ஒரு புல் நின்றது. அக்ரோஸ்டிஸ் என்ற சாதாரண மேய்ச்சல் புல்தான். அதைக் கவனித்தவர் தாவரவியலாளர் டோனி பிராட்ஷா. கோகினான் ஈயச் சுரங்கத்துப் புல் ஈயத்தையும் துத்தநாகத்தையும் தாங்குவதை அவர் 1952-இல் எழுதினார். வெளி மேய்ச்சல் நிலத்து விதையைச் சுரங்க மண்ணில் விதைத்தால் ஆயிரத்தில் ஓரிரண்டுதான் தேறும். அந்த ஓரிரண்டின் வழித்தோன்றல்களே கழிவுமேட்டைப் பிடித்துக்கொண்டன. பரிணாமத்துக்குப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும் என்ற எண்ணத்தை அசைத்த கண்டுபிடிப்பு இது. நல்ல மண்ணிலோ இந்தப் புல் மற்றப் புற்களோடு போட்டியிட முடியாமல் பின்தங்கும். சில மீட்டர் தள்ளிப் போனாலே அதே புல்லின் தாங்குதிறன் இல்லாத வகைதான்.

பிராட்ஷாவும் அவருடைய சகாக்களும் அந்த விதைகளைப் பெருக்கி, 'கோகினான்', 'பாரிஸ்' என்று பெயரிட்டு, கைவிட்ட சுரங்க நிலங்களைப் புல்லால் மூட விற்பனைக்கே கொண்டுவந்தார்கள். அரிய பணி அது. நச்சுத் தூசி பறப்பதைப் புல் தடுக்கும், மண் அரிப்பைக் குறைக்கும். ஆனால் உலோகம் அடியில் அப்படியே இருக்கும். அந்தப் போர்வையைப் பார்த்து நிலம் தேறிவிட்டதென்று நம்புவது ஆபத்து. பாரிஸ் மலையிலேயே, சுரங்கத்துக்குள் தேங்கிய அமில நீர் உடைத்துக்கொண்டு கீழேயுள்ள ஆம்லுக் ஊரை மூழ்கடிக்கும் என்ற அச்சத்தில் 2003-இல் அந்த நீரை வெளியேற்ற வேண்டிவந்தது. அந்த நீர் வடியும் ஆஃபோன் கோக் ஓடை இன்றும் செம்பையும் துத்தநாகத்தையும் ஐரிஷ் கடலுக்குக் கொண்டுபோகிறது.