ஒட்டகத் திமிலளவு இரும்பு

ரூபுல் காலி என அரபிகள் வழங்கும் பெருமணற்பரப்பில், ஒட்டகத் திமிலளவு இரும்பு ஒன்று கிடக்கின்றதென நாடோடி அரபிகள் சொல்லி வந்தனர். அவ்விடத்திற்கு அவர்கள் இட்டிருந்த பெயரே 'அல்ஹதீதா'. ஹதீத் என்றால் இரும்பென்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வபார் என்னும் நகரம் அங்கே இருந்ததென்றும், ஆது கூட்டத்து மன்னனின் பாவத்தால் வானத்து நெருப்பில் எரிந்ததென்றும் ஒரு கதையும் உண்டு. ஆது கூட்டத்தார் கடுங்காற்றால் அழிக்கப்பட்டனர் என்றே திருக்குர்ஆன் கூறுகின்றது. நெருப்பு கதை சொன்னோர் சேர்த்தது எனக் கொள்ளலாம்.

1930இல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் எனப் பெயர் பூண்ட ஆங்கிலேயர் பில்பி, அந்நகரைத் தேடி 1932 பிப்ரவரியில் அங்குச் சென்றார். தொலைவிலிருந்து நோக்கியபோது கருகிய மதில்கள் போலத் தோன்றின. நெருங்கியபோதோ மதிலுமில்லை, மாளிகையுமில்லை. வட்டக் குழிகளே இருந்தன. பெரிய குழி ஏறத்தாழ 100 மீட்டர் அகலம். விளிம்பெங்கும் மணல் உருகிக் கருங்கண்ணாடியாய் இறுகிக் கிடந்தது. உடன் வந்த அரபிகளோ அக்கண்ணாடி மணிகளை ஆது குலப் பெண்டிரின் முத்துக்கள் என்று பொறுக்கிக்கொண்டனர். பில்பி எரிமலை வாயென எண்ணினார். எவ்வளவு தேடியும் திமிலளவு இரும்பு அகப்படவில்லை. ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ள துண்டொன்றே கிடைத்தது.

அத்துண்டு பேசிற்று. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து ஸ்பென்சர் அதனை ஆராய்ந்து, இரும்போடு நிக்கலும் கலந்திருப்பதைக் கண்டார். விண்ணிலிருந்து விழும் இரும்பின் அடையாளம் அது. எரிமலை என்ற எண்ணம் அத்துடன் முடிந்தது.

திமில் எங்கே? காற்று ஓயாது மணலை நகர்த்தும் நாடு அது. இன்று மூடியதை நாளை திறக்கும். 1960களின் நடுவில், மணல் விலகிய இடத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. எடை 2,000 கிலோவிற்கும் மேல்! நகரத்தைப் பற்றி அரபிகள் சொன்னது பிழையே. ஆயினும் இரும்பைப் பற்றிச் சொன்னது அளவு முதற்கொண்டு சரியாயிருந்தது. கதை பொய்யென்றதும் கண்டவர் சாட்சியத்தையும் சேர்த்துத் தள்ளிவிடும் வழக்கம் படித்தவர்களிடம் உண்டு என நாம் கருதுகின்றோம்.

1994, 1995ஆம் ஆண்டுகளில் வின், ஷூமேக்கர் ஆகியோர் அங்குச் சென்று குழிகளை அளந்தனர். விழுந்து சில நூற்றாண்டுகளே ஆகியிருக்கும் எனப் பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன; ஆது கூட்டத்தார் காலத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. திமில் ரியாத் நகருக்குக் கொண்டுவரப்பட்டு, தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. குழிகளையோ மணல் மூடிக்கொண்டு வருகின்றது.