மங்கு: சூளையில் சுட்ட நம் வரலாறு



நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தின்போது என் மேசைமீது மங்கு ஒன்றை வைத்தேன். "டீச்சர், இது பூச்சாடியா?" என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பில் எவருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. அவர்களுள் பலருடைய பாட்டிமார் ஜொகூர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள்!

ரப்பர் மரத்தில் வடியும் பாலை ஏந்தும் சுட்டமண் கிண்ணமே மங்கு. தொடக்கக் காலத்தில் தேங்காய்ச் சிரட்டையும் இதற்குப் பயன்பட்டது. பின்னர், பளபளப்புப் பூச்சிட்ட மண்கிண்ணங்கள் பரவலாயின. அப்பூச்சு வெறும் அழகுக்கன்று. பால் மண்ணில் ஊறாமல் காப்பதும், உள்ளே உறைந்த மென்படலத்தை விரலால் உரித்தெடுக்க வகைசெய்வதும் அதுவே.

இவற்றை வனைந்தவர்கள் யார்? பெரும்பாலும் சீனக் குயவர்கள். நம் மாநிலத்து ஆயர் ஈத்தாம் வட்டாரம் மட்பாண்டங்களுக்குப் பெயர் பெற்றது. அங்கும் சிங்கப்பூரின் ஜூரோங்கிலும் டிராகன் சூளைகள் எழுந்தன. சரிவான நிலத்தில் நீண்டு கிடக்கும் சூளை அது. கீழ்முனையில் மூட்டிய தீ மேல்நோக்கி ஏறும். பக்கத் துளைகள் வழியே விறகிடுவர். வெப்பம் ஏறத்தாழ 1200 பாகை செல்சியசை எட்டும். ரப்பர் மரமும் விறகாயிற்று. பால் தந்த மரமே, பால் ஏந்தும் கலத்தையும் சுட்டது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1946இல், நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் ஏவா சைசல் வடிவமைத்த பீங்கான் கலங்களைக் காட்சிக்கு வைத்தது. அவருடைய தேநீர்க் கெண்டிகள் இன்று அருங்காட்சியகத் தொகுப்புகளில் அவர் பெயருடன் வீற்றிருக்கின்றன. மங்கை வனைந்தவர் பெயரோ, அதை நாள்தோறும் துடைத்தவர் பெயரோ எங்கும் பொறிக்கப்படவில்லை. ஒருவர் வெட்டும் மரங்கள் ஏறத்தாழ 500. எனவே துடைக்க வேண்டிய மங்குகளும் ஏறத்தாழ 500.

என் அம்மாவும் அவ்வாறு துடைத்தவரே. பள்ளி விடுமுறையில் நானும் உடன் சென்று மங்கு துடைத்துள்ளேன். ஆனால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 'குடும்ப மரபுப் பொருள்' ஒன்றைக் கொண்டுவரப் பணித்தபோது, அண்டை வீட்டுக் குத்துவிளக்கை இரவல் வாங்கிச் சென்றேன். மங்கில் ஒட்டியிருந்த பால்நாற்றம் எனக்கு வெட்கமாயிருந்தது. அம்மா அதைக் கண்டார், ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

பின்னாளில் நெகிழிக் கிண்ணங்கள் வந்தன. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கு மாறின. மண்மங்குகள் உடைந்தன, புதைந்தன. எஞ்சியவை சில வீடுகளில் பூந்தொட்டிகளாயின. அம்மாணவன் கேட்டதில் தவறில்லை. சொல்லித்தராதது நம் தவறு.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் ஒரு மங்கு இருப்பின் எறிந்துவிடாதீர்கள். பிள்ளையின் கையில் கொடுத்து, பாட்டியிடம் அனுப்புங்கள். சீனக் குயவர் வனைந்து, தமிழ்ப் பெண் துடைத்த அந்தக் கலத்தில் இந்நாட்டின் வரலாறு இருக்கிறது. என் வகுப்பு மங்கின் கீழே ஓர் அட்டையில் அம்மாவின் பெயரை எழுதி வைத்துள்ளேன். இருபது ஆண்டுகள் தாமதந்தான், ஆயினும் எழுதிவிட்டேன்.