கூடையேந்தியவளின் பார்வை: கேமரன் மலையும் திரையில் பெண்ணும்

கதையின் நடுவில் ஒரு பெண் இருந்துவிட்டால் அதைப் பெண் பார்வைப் படம் என்று சொல்லிவிடுகிறோம். எந்தப் பெண், எந்த இடத்தில் நின்று பார்க்கிறாள் என்று கேட்பது குறைவு. மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து இக்கட்டுரை அதைக் கேட்கிறது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் உருவானது. இம்மலையில் தேயிலையை வளர்த்தெடுத்ததில் தமிழ்த் தொழிலாளரின் பங்கு பெரிது. இதே மலையைக் களமாகக் கொண்டது டாம் லின் இயக்கிய 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' (2019). ஜப்பானியர் முகாமில் சகோதரியை இழந்த யுன் லிங், அவள் நினைவாகத் தோட்டம் அமைக்க வருகிறாள். போரின் வடுவை ஒரு பெண்ணின் நினைவு வழியே சொல்வது படத்தின் வலிமை. ஆனால் பக்கத்துச் சரிவில் கொழுந்து பறிப்பவளுக்கும் அதே போரின் நினைவு உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து, ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதைக்குப் போன ஆடவர் பலர் திரும்பவில்லை. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் மகளிர் பிரிவாக உருவான ஜான்சி ராணிப் படையில் தோட்டப் பெண்களும் சேர்ந்தனர். அந்த நினைவுக்குப் படத்தில் இடமில்லை.

தமிழ்ப் படங்கள் இக்குறையைத் தீர்த்தனவா? தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) ரப்பர் தோட்டத்துச் சாந்தாவை நாயகியாக்கியது. மலேசியத் தமிழ்த் திரையில் அது அரிய முயற்சி. ஆயினும் அவள் கனவு பல்கலைக்கழகம், அதாவது தோட்டத்தை விட்டு வெளியேறுவது. பாலாவின் 'பரதேசி' (2013) தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே செல்கிறது, அங்கம்மாவும் மரகதமும் மனத்தில் நிற்கிறார்கள், கதையோ நாயகன் ராசாவினுடையது. ஆக, தோட்டத்துக்கு வருபவளுக்கும் அங்கிருந்து போக விரும்புபவளுக்கும் கதை உண்டு. அங்கேயே உழைத்துக் கிடந்தவளுக்கு இல்லை.

அவள் நாளில் நாடகத்துக்குப் பஞ்சமில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடுதல், பிறகு கொழுந்து பறிக்கும் நிரை. மாலையில் கூடை தராசில் ஏறுகிறது. கணக்கெழுதும் கிராணியின் கண் முள்ளில், அவள் கண் கிராணியின் பேனாவில். அன்றைய கூலி அந்த எழுத்தில் இருக்கிறது. மேட்டில் நிற்கும் கேமராவுக்கு இது பச்சைச் சரிவில் ஒரு புள்ளி. தராசின் அருகே வந்தால் ஒரு முழுக் காட்சி.

ஒரே படம் எல்லார் கதையையும் சொல்ல முடியாது என்பர். உண்மைதான். குறை ஒரு படத்தினுடையதன்று, திரைத்துறையினுடையது. மேற்சொன்ன 2019 படத்தின் தயாரிப்பில் பங்குகொண்ட ஆஸ்ட்ரோ ஷாவின் தாய் நிறுவனமே உள்ளூர்த் தமிழ்த் தொடர்களையும் ஒளிபரப்புகிறது. எனவே வசதி இல்லை என்ற சமாதானம் எடுபடாது.

இன்று இத்தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளரே மிகுதி. கை செய்த வேலையைக் கத்தரியும் இயந்திரமும் செய்கின்றன. பறித்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களின் வாய்மொழியைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் தொலைக்காட்சி நிலையங்களும் இப்போதே பதிவுசெய்ய வேண்டும். திரைக்கதை பிறகு எழுதலாம், சாட்சியம் காத்திருக்காது.